ஏஏஏஏ பதிவில் தங்கிவிட்ட பழைய முகவரி

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சிறு நூலகத்தின் இணையதளத்தைப் புதிய வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்றியபோது, தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பிடம் பெறுவது பத்து நிமிட வேலை என்றே எண்ணியிருந்தேன். தளத்தின் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ், சான்றிதழைப் பெற்றுத்தரும் செர்ட்பாட் ஆகிய இரு மென்பொருள்களும் எனக்குப் பழகியவைதாம். ஆனால் கட்டளையை இயக்கியதும், சரிபார்ப்புக் கோப்புக்கு 404, அதாவது கோப்பு இல்லை, என்ற பதில் கிடைத்ததாகப் பிழைச்செய்தி வந்தது.

டொமைன் நம் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய, செர்ட்பாட் நம் வழங்கியில் தற்காலிகமாக ஒரு கோப்பை வைக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் 80ஆம் போர்ட் வழியாக வெளியிலிருந்து அதைப் படித்துப் பார்க்கும். எனவே ஃபயர்வாலையும் கோப்புறையின் பாதையையும் சரிபார்த்தேன். அதே இடத்தில் நானே ஒரு சோதனைக் கோப்பை வைத்து வீட்டுக் கணினியில் திறந்தபோது, அது தடையின்றித் திறந்தது. இதுதான் என்னை நெடுநேரம் திசைதிருப்பியது. ஒரே டொமைன் பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சரிபார்ப்பு தோற்றால் மேற்கொண்டு முயலத் தடை விழும் என்பதால், அதன்பின் டிரை ரன் முறையில், அதாவது சோதனைக்கென்றே உள்ள வழங்கியிடம் மட்டும் கேட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலேயே இவ்வாறு செய்வதே நல்லது.

வழி காட்டியது என்ஜின்எக்ஸின் அணுகல் பதிவேடு. சரிபார்ப்புக்கான கோரிக்கை ஒன்றுகூட அதில் இல்லை. அப்படியானால் 404 என்று பதில் சொன்னது வேறொரு கணினி. பிழைச்செய்தியை மறுபடி படித்தபோது, அதில் முக்காற்புள்ளிகளுடன் நீண்ட ஓர் ஐபிவி6 முகவரி, அதாவது ஐபிவி4க்குப் பின் வந்த புதிய வகை இணைய முகவரி, இருப்பதைக் கவனித்தேன். டொமைன் பெயருக்குரிய முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ்ஸை டிக் கட்டளையால் பார்த்ததும் காரணம் விளங்கியது: ஐபிவி4 முகவரியைச் சொல்லும் ஏ பதிவைப் புதிய முகவரிக்கு மாற்றிய நான், ஐபிவி6 முகவரியைச் சொல்லும் ஏஏஏஏ பதிவைத் தொடவே இல்லை. இரண்டும் இருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6 வழியையே முதலில் நாடும். அங்கே இணைப்பே கிடைக்காதபோது மட்டும்தான் ஐபிவி4க்குத் திரும்பும். பழைய வழங்கி இன்னும் இயங்கிக்கொண்டு 404 என்று பதிலும் தந்ததால், திரும்ப வேண்டிய தேவை எழவில்லை. என் வீட்டு இணைப்பிலோ ஐபிவி4 மட்டுமே உண்டு; அதனால்தான் என் சோதனைக் கோப்பு புதிய வழங்கியிலிருந்து தடையின்றித் திறந்தது.

ஏஏஏஏ பதிவை நீக்கிய பின் சான்றிதழ் உடனே கிடைத்தது. பிறகு புதிய வழங்கியின் ஐபிவி6 முகவரியைச் சேர்த்து, என்ஜின்எக்ஸ் அதிலும் செவிமடுக்கும்படி லிசன் வரியை எழுதி, கர்ல் கட்டளை கொண்டு இரு வழிகளையும் தனித்தனியே சோதித்தேன். சான்றிதழ் 90 நாட்களே செல்லும் என்பதால், புதுப்பித்தலையும் டிரை ரன்னில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வாரம் வாசகர் ஒருவர், தம் கைபேசியில் பழைய நூற்பட்டியலே தெரிவதாகச் சொல்லியிருந்தார். பிரௌசர் சேமித்து வைத்த பக்கமாக இருக்கும் என்று அவருக்கு விடையளித்திருந்தேன். அவர் கைபேசி ஐபிவி6 வழியாகப் பழைய வழங்கியையே அடைந்திருக்க வேண்டும் என்பது இப்போது புரிந்தது. அவரை அழைத்து, தவறு எங்கள் பக்கம்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அப்போதே தளத்தைத் திறந்து, புதிய பட்டியல் வந்துவிட்டதாகச் சொன்னார்.