விருப்பப் பட்டியலில் இரண்டாவது இடம்

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதா தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்று முடிவெடுப்பது பெற்றோரின் உரிமை. சட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 26-ஆம் பிரிவில், பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை பெற்றோருக்கே என்கிறது. அதற்கும் முன்பே, எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று ஆரிகன் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925-இல் செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆனால் இவையெல்லாம் அரசு குறுக்கே நிற்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகின்றன. உங்கள் பிள்ளைக்கு அங்கே இடம் கொடு என்றோ, கட்டணத்தை யாராவது கட்டு என்றோ சொல்லவில்லை. பெற்றோர் மாட்டிக்கொள்வது அந்த இரண்டில்தான்.

பணத்தை முதலில் பார்த்துவிடலாம். நெதர்லாந்து 1917-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் அரசு சமமாகப் பணம் தரும் என்று எழுதிவிட்டது. இன்று அங்கே பெரும்பான்மைப் பிள்ளைகள் தனியார் நிர்வாகப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். சிலி 1981-இல் வவுச்சர் முறைக்குப் போனது: பிள்ளை எங்கே சேர்கிறதோ அங்கே அரசுப் பணம் போகும். 1990-களில், வவுச்சருக்கு மேல் பெற்றோரிடமும் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு பரவியது. வவுச்சர் 100, பள்ளி கேட்பது 140 என்றால் அந்த 40 உள்ளவர்களுக்கு ஒரு பள்ளி, இல்லாதவர்களுக்கு வேறு பள்ளி. ஒரே ஊர்ப் பிள்ளைகள் பைசா கணக்கில் பிரிந்துபோனார்கள். 2015-இல் சட்டம் போட்டு அந்தக் கூடுதல் வசூலையும், பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். ஆக, வவுச்சர் நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாக வாதாடுவது வீண். மேலே வாங்கலாமா, வடிகட்டலாமா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் அந்த முறையின் மிச்சத்தை ஊகித்துவிடலாம்.

வடிகட்டுவது எப்போதும் நுழைவுத் தேர்வாக வராது. ‘சும்மா ஒரு அறிமுகம்’ என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதும் வடிகட்டல்தான். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் பிள்ளையை மட்டுமல்ல, பெற்றோரைச் சோதித்துச் சேர்ப்பதையும் தடுக்கிறது. நன்கொடை வசூலையும் அதே பிரிவு தடுக்கிறது. ஸ்வீடனில் தனியார் பள்ளிக்கும் அரசே பணம் தருகிறது, கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் பல பள்ளிகளில் இடம் வரிசைப்படி கிடைக்கிறது. பிள்ளை பிறந்த சில நாளிலேயே பெயர் பதிந்தவர் முன்னால் நிற்பார்; போன வருடம் குடிவந்தவர் வாலில் நிற்பார். காசு இல்லாமலே ஒரு வடிகட்டி.

இடம் பங்கிடும் விதிதான் யாரும் படித்துப் பார்க்காத பக்கம். பல ஊர்களில் பெற்றோர் விருப்பப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள்: முதல் விருப்பம் இது, இரண்டாவது இது, மூன்றாவது இது. ஓர் உதாரணம். ‘அ’ பள்ளியில் 30 இடம். அதை முதல் விருப்பமாக எழுதியவர்கள் 90 பேர். ‘ஆ’ பள்ளியிலும் 30 இடம். அதை முதலில் எழுதியவர்கள் 35 பேர். உங்கள் வீடு ‘ஆ’ பள்ளிக்கு அடுத்த தெரு, அங்கே உங்களுக்குத் தூர முன்னுரிமை உண்டு. நீங்கள் மனசாட்சிப்படி முதலில் ‘அ’, இரண்டாவது ‘ஆ’ என்று எழுதுகிறீர்கள்.

பாஸ்டன் நகரம் 2005 வரை வைத்திருந்த முறையில், முதல் சுற்றில் முதல் விருப்பங்களை மட்டும் எடுத்து இடத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். ‘அ’ குலுக்கலில் உங்களுக்கு விழவில்லை. அதற்குள் ‘ஆ’வின் 30 இடமும் அந்த 35 பேருக்குள்ளேயே போய்விட்டது. இரண்டாம் சுற்றில் நீங்கள் வந்து நிற்கும்போது அங்கே மிச்சம் பூஜ்யம். அடுத்த தெரு என்ற முன்னுரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருக்கும் வேண்டாத ‘இ’ பள்ளிக்குப் போக வேண்டியதுதான். விதி தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, ஆசையை மறைத்து, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதினார்கள். தெரியாதவர்கள் உண்மையை எழுதி ஏமாந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு: பட்டியலைப் பார்த்த அதிகாரிகள் ‘பெரும்பாலானோருக்கு முதல் விருப்பமே கிடைத்தது’ என்று மகிழ்ந்திருப்பார்கள்.

இதற்கு மாற்று கேல், ஷேப்லி என்ற இருவர் 1962-இல் எழுதிய கணக்கு. இதில் முதல் சுற்றில் கொடுக்கும் இடம் தற்காலிகமானது. ‘அ’ கிடைக்காமல் நீங்கள் ‘ஆ’வுக்கு வரும்போது, ஏற்கெனவே அமர்ந்திருக்கும் 30 பேரோடு உங்களையும் சேர்த்து ஒப்பிடுவார்கள். உங்கள் முன்னுரிமை மேலே இருந்தால், கடைசியில் உள்ளவர் எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும், அவர் ‘ஆ’வை முதலில் எழுதியிருந்தாலும் சரி. யாரும் நகரத் தேவையில்லாத நிலையில்தான் இடம் உறுதியாகும். இந்த முறையில் ஆசைப்பட்டதை முதலில் எழுதினால் நஷ்டமே கிடையாது. பாஸ்டனும் சிலியும் இதற்கு மாறின. இங்கிலாந்தில் முதல் விருப்பக்காரருக்கு முன்னுரிமை என்ற விதியையே 2007-இல் தடை செய்தார்கள்.

அதனால் விண்ணப்பத்தை நிரப்பும் முன் அலுவலகத்தில் கேட்க வேண்டியது: நான் எத்தனையாவதாக எழுதுகிறேன் என்பதைப் பள்ளி கணக்கில் எடுக்குமா? ‘ஆமாம்’ என்றால் பத்திரமான பள்ளியை மேலே கொண்டுவர வேண்டும். ‘இல்லை’ என்றால் ஆசை வரிசையிலேயே எழுதுங்கள். பட்டியலில் ஐந்தே கட்டம்தான் என்றால், நிச்சயம் கிடைக்கும் ஒன்று கடைசிக் கட்டத்திலாவது இருக்கட்டும். ஐந்திலும் போட்டி மிகுந்த பள்ளிகளையே எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தூரத்தை எப்படி அளக்கிறார்கள், நேர்கோட்டிலா நடைபாதையிலா என்பதையும் கேளுங்கள். நடுவில் ஒரு ரயில் பாதை இருந்தால் இரண்டும் ஒன்றல்ல.

பள்ளியை எடைபோடும்போது தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து. ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். சுமாராகப் படிக்கும் 12 பேரிடம் ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்று பேசி அனுப்பிவிட்டு, 48 பேரைத் தேர்வு எழுத வைத்து 48 பேரும் தேறினால் பலகையில் 100 சதவீதம். பக்கத்துப் பள்ளியில் 60 பேரும் எழுதி 51 பேர் தேறினால் 85. சேர்ந்தவர்களை வைத்து வகுத்தால் முதல் பள்ளியின் கணக்கு 80-தான். இரண்டு ஆண்டுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியோ தனியாரோ, ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள் என்பது கட்டடத்தை விட அதிகம் சொல்லும்.

கட்டணத்தைக் கேட்டால் ஓர் ஆண்டு மொத்தத்தைக் கேளுங்கள்: சேர்க்கைத் தொகை, புத்தகம், சீருடை, வாகனம், சுற்றுலா எல்லாம் சேர்த்து. அடுத்த வகுப்பில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

மனம் மாறும் உரிமையும் இதில் அடக்கம். பள்ளி மாற்றுவதென்றால் வகுப்பு முடியும்போது, முடிந்தால் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்று ஒரு படிநிலை முடியும்போது மாற்றுவது நல்லது. ஆண்டு நடுவில் மாறினால் பெரிதும் அடிபடுவது கணக்குப் பாடம். இந்தப் பள்ளியில் பின்னம் இரண்டாம் பருவத்தில் வரும். அந்தப் பள்ளியில் முதல் பருவத்திலேயே முடிந்திருக்கும். பிள்ளை பின்னமே படிக்காமல் இரண்டு பள்ளிகளையும் கடந்துவிடும். இரு பள்ளிகளின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டுப்போகும் அலகுகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்; பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்பது அதற்குப் பிறகு.