கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கச் சாலையை மூடினால் நல்லதுதான் மாமா!

மழை பிடித்ததும் குடும்ப வாட்சப்பில் மாமா, "ஸ்மார்ட் மூடிட்டானா? வேலை முடிஞ்சு எப்படி வர்றது?" என்று ஒரே புலம்பல்.

2007-இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் வெள்ளத்துக்காகக் கட்டியது மாமா. கார் ஓடுவது நடுவில் ஒரு பகுதியில்தான். பெருமழை என்றால் வண்டிகளை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள்.

ஆனால் அது திருப்புவது அம்பாங் பக்கமிருந்து வரும் நீரை. மஸ்ஜிட் ஜாமெக்கில் கிள்ளான் ஆற்றோடு சேரும் கோம்பாக் ஆறு அதில் நுழையாது. அதன் வெள்ளத்தைத் தேக்க பத்து, ஜிஞ்சாங் என்ற இடங்களில் உள்ள குளங்கள். குளத்தில் மண் சேர்ந்தால் கொள்ளளவு போச்சு. வெள்ளத் தடுப்பு மேம்பாடு என்றால் முதலில் தூர்வாருங்கள், பம்பை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் புதுத் திட்டம் அறிவிக்கலாம்.

எங்கள் லோரோங் (சந்து) லோங்காங் (சாக்கடை) கம்பியில் நேற்று சிக்கியிருந்தது ஒரு முழுத் தலையணை. உறையோடு!