ஹக் ஃபின்னும் என் நோட்ஸும்

மாடல் எக்ஸாம் விடைத்தாள்கள் ஐம்பத்திரண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அமெரிக்க இலக்கியத் தாள். பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று, மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் உள்ள அங்கதத்தையும் சமூக விமர்சனத்தையும் பற்றி எழுதச் சொல்லியிருந்தது. முதல் தாளில், அடிமை முறை, மதப் பாசாங்கு, கும்பல் வெறி ஆகிய மூன்றையும் அங்கதம் என்ற ஆயுதத்தால் ஆசிரியர் சாடுகிறார் என்று எழுதியிருந்தது. சரி, மதிப்பெண் போட்டேன். இரண்டாவது தாளிலும் அதே வாக்கியம். பதினெட்டாவதிலும் அதே வாக்கியம்தான், ‘கும்பல் வெறி’க்குப் பிறகு வரத் தேவையில்லாத அரைப்புள்ளி உட்பட.

கைடைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த அரைப்புள்ளியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. கைடு இல்லை, நான் எழுதிய நோட்ஸ். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் கொடுத்தது. காலேஜ் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது போல.

அந்த நாவலின் முதல் பக்கத்தில் ட்வைன் ஒரு அறிவிப்பு ஒட்டியிருப்பார். இந்தக் கதையில் நோக்கம் தேடுபவர்மீது வழக்கு, நீதி தேடுபவர் நாடு கடத்தப்படுவார், கதைப்பின்னல் தேடுபவர் சுடப்படுவார். எங்கள் துறையில் மூன்றையும் செய்தால்தான் சம்பளம்.

அடுத்த வருடம் நோட்ஸ் தருவதில்லை, வகுப்பில் வாய்விட்டுப் படிப்பது என்று முடிவு செய்தேன். போர்ஷன் முடியாது என்று ஹெச்.ஓ.டி. சொன்னார். முடியவில்லைதான். கவிதை யூனிட்டைக் கடைசி இரண்டு வாரத்தில் ஓட்டமாக ஓடித்தான் முடித்தேன்.

மாணவர்களுக்கு முதலில் குழப்பியது காலம். புத்தகம் லண்டனில் வெளிவந்தது 1884 டிசம்பரில், அமெரிக்காவில் 1885-இல். கதையோ அதற்கு நாற்பது ஐம்பது வருடம் முந்தையது. அடிமை முறை 1865-லேயே ஒழிந்துவிட்டது, இல்லாத ஒன்றை ஏன் கிண்டல் பண்ண வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. சட்டம் ஒழிந்தது, அந்தச் சட்டத்தை நியாயம் என்று நினைத்த மனம் ஒழிந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டு கதையைச் சொல்லும் பையன் ஹக்கின் அப்பன் பேசும் பக்கத்துக்குப் போனேன்.

ஊர் பேர் பெற்ற குடிகாரன் அவன். மகனுடைய காசைப் பிடுங்கக் கோர்ட்டுக்குப் போகிறவன். ஓஹையோ மாநிலத்திலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்து குமுறுகிறான். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம், வெள்ளிப் பூண் வைத்த கைத்தடி, போதாததற்குப் பல மொழி வேறு பேசுகிறார். எல்லாவற்றுக்கும் மேல், சொந்த ஊரில் அவருக்கு ஓட்டு உண்டாம். அன்று தேர்தல் நாள். நடக்க முடியாத அளவுக்குக் குடிக்காமல் இருந்தால் நானே ஓட்டுப் போடக் கிளம்பியிருப்பேன், இதைக் கேட்டதும் இனி ஓட்டே போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன் என்கிறான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பகைபிடித்த இரண்டு குடும்பங்கள் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சர்ச்சில் சகோதர அன்பைப் பற்றிய பிரசங்கம் கேட்கிற இடத்துக்கும் அப்படித்தான். இதெல்லாம் சுலபமான சிரிப்பு. குடிகாரனையும் கொலைவெறிக்காரனையும் பார்த்துச் சிரிக்க யாருக்கும் சங்கடம் இல்லை.

சிக்கியது முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில். எஜமானியிடமிருந்து தப்பி ஓடி, ஹக்கோடு தெப்பத்தில் ஆற்றில் வந்த அடிமை ஜிம். காணாமல் போன அவனைத் தேடி ஹக் ஒரு பண்ணைக்கு வருகிறான். அங்கே சாலி அத்தை அவனை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு, ஏன் தாமதம் என்று கேட்கிறாள். நீராவிப் படகில் சிலிண்டர் மூடி வெடித்துவிட்டது என்று அளக்கிறான். ஐயோ, யாருக்காவது அடிபட்டதா? இல்லீங்கம்மா, ஒரு அடிமைதான் செத்தான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள் அத்தை.

படித்து முடித்து, “விபத்துல எத்தனை பேர் செத்தாங்க?” என்று கேட்டேன்.

“யாருமில்ல சார்” என்றாள் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நன்றாகப் படிக்கிற பெண், கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ, “ஒருத்தர் செத்துட்டாரே சார்” என்றார்கள். அந்தப் பெண் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

ட்வைன் வைத்த பொறி அது. விபத்தே நடக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. முந்தின அத்தியாயத்தில்தான் ஜிம்முக்காக நரகத்துக்கே போகிறேன் என்று முடிவெடுத்த பையன், எந்தப் பொய் சொன்னால் இந்த வீட்டில் எடுபடும் என்று தெரிந்து சொல்கிறான். சாலி அத்தை கெட்டவளும் இல்லை. அவள் வீட்டுக் குடிசையில்தான் ஜிம் சங்கிலியில் கிடக்கிறான். வசதியாக இருக்கிறதா, வயிறாரச் சாப்பிட்டாயா என்று அவள் வந்து விசாரிப்பாள். அவள் கணவர் வந்து கூட உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். இரண்டு பேரும் எவ்வளவு அன்பானவர்கள் என்று ஜிம்மே சொல்கிறான். சங்கிலியைப் பற்றி அந்த இரண்டு பேரும் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு மாணவன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான்.

“சார், புத்தகத்துல வேற வார்த்தை இருக்கு. நீங்க ‘அடிமை’னு மாத்திப் படிச்சீங்க.”

“அது கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்துற வார்த்தைப்பா. வாய்விட்டுச் சொல்ல நாக்கு கூசுது.”

“அந்த அத்தைக்குக் கூசலையே சார்.”

சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். நாவலில் அந்த வார்த்தை இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011-இல் அலபாமாவில் ஒரு பதிப்பகம் எல்லா இடத்திலும் அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு அச்சடித்தது. பள்ளிகளில் பாடமாக வைக்கத் தயங்குகிறார்கள், இப்படியாவது பிள்ளைகள் படிக்கட்டும் என்பது அவர்கள் வாதம். பெரிய சண்டையே நடந்தது. அந்தச் செய்தியைப் படித்து நான் கேலி செய்திருக்கிறேன், அதையேதான் வகுப்பில் நானும் செய்திருக்கிறேன். இப்போதும் அந்த வார்த்தையை நான் உரக்கப் படிப்பதில்லை. அந்த இடம் வந்ததும், “பக்கத்தைப் பாருங்க” என்று நிறுத்திவிடுவேன். வேடிக்கை என்னவென்றால், 1885-இல் மாசசூசெட்ஸின் கன்கார்ட் நூலகம் புத்தகத்தை ஒதுக்கியபோது இந்த வார்த்தை யாருக்கும் உறுத்தவில்லை. முரட்டு மொழி, தரம் தாழ்ந்த ஒழுக்கம், இதுதான் புகார். நல்லதாகப் போயிற்று, இதனாலேயே இன்னும் 25,000 பிரதி விற்கும் என்றார் ட்வைன்.

அதற்கடுத்த வாரம், முந்தின அத்தியாயத்துக்கே திரும்பிப் போய், கடிதக் காட்சி. ஜிம் இருக்கும் இடத்தை அவனுடைய எஜமானிக்குக் காட்டிக்கொடுத்து ஹக் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவிப் போனது போல இருக்கிறது அவனுக்கு. அப்புறம் தெப்பத்தில் தனக்காக ஜிம் கண்விழித்துக் காவல் இருந்த ராத்திரிகள் நினைவுக்கு வருகின்றன. “சரி, அப்படின்னா நரகத்துக்கே போறேன்” என்று கிழித்துப் போடுகிறான்.

“நல்லதுதானே சார் பண்றான், ஏன் நரகம்?” என்று கேட்டார்கள். தான் செய்வது திருட்டு என்றுதான் கடைசிவரை அவன் நம்புகிறான், அவனைப் பொறுத்தவரை அது நல்லதே இல்லை என்று விளக்க எனக்கு ஒரு பீரியட் முழுக்க ஆனது. நல்ல இதயமும் கோணலாக வளர்க்கப்பட்ட மனசாட்சியும் மோதி, மனசாட்சி தோற்கிற கதை என்று ட்வைனே பின்னாளில் குறித்து வைத்திருக்கிறார். அந்த மனசாட்சி எங்கே வளர்ந்தது என்பதை அவர் சொன்னது, எதிர்பாராத விதமாக, நம் ஊர்ப் பயணத்தைப் பற்றிய புத்தகத்தில். 1896-இல் பம்பாய் வந்தபோது, ஹோட்டலில் ஒரு ஜெர்மானியர் வேலையாளைத் தாடையில் அறைவதைப் பார்க்கிறார். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறான். சட்டென்று ஐம்பது வருடம் பின்னால் போய்விடுகிறார் ட்வைன். பிள்ளைகளை அநேகமாக அடிக்காத அவருடைய அப்பா, வீட்டு அடிமைப் பையனை மட்டும் சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் அறைவாராம். பத்து வயதில், வேலையில் தடுமாறிய ஒரு அடிமையின் தலையில் எஜமான் இரும்புத்தாதுக் கட்டியை எறிந்து கொன்றதையும் பார்த்திருக்கிறார். ஊரில் யாருக்கும் அது பிடிக்கவில்லையாம், யாரும் பெரிதாகப் பேசவும் இல்லையாம்.

செமஸ்டர் கடைசியில் அந்த ‘கூசலையே’ பையன் புத்தகத்தோடு வந்தான். சாயங்காலத்தில் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவன். பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் கணக்கு எழுதி வைத்திருந்தான்.

800. தப்பி ஓடிய புதிதில் ஜிம் சொல்வது: நான் இப்போ பணக்காரன், எனக்கு நானே சொந்தம், என் விலை 800 டாலர். அடுத்து 300, அவனைப் பிடித்துத் தருகிறவருக்குப் பரிசு. அதன் கீழே 40. அடிமை பிடிக்க வந்த இரண்டு பேர், தெப்பத்தில் அம்மை என்று பயந்து, ஆளுக்கு ஒரு 20 டாலர் தங்கக் காசைப் பலகையில் மிதக்க விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுபடி 40. ராஜா வேஷம் போட்ட மோசடிக்காரன் ஜிம்மை விற்ற விலை. மறுபடியும் 40. எஜமானி உயிலிலேயே ஜிம்முக்கு விடுதலை எழுதிவைத்துவிட்டாள் என்று தெரிந்தும், சாகசத்துக்காக அவனை வாரக்கணக்கில் கைதியாக ஆட்டிவைத்த ஹக்கின் நண்பன் டாம் சாயர், பொறுமையாக நடித்ததற்குக் கடைசியில் கொடுக்கும் கூலி.

“அதை வாங்கிட்டு, பாத்தியா நான் பணக்காரன் ஆவேன்னு சொன்னேனேங்கிறான் சார். எண்ணூறுன்னு சொன்னவன்.”

பதினோரு வருடமாக அந்தப் பாடத்தை எடுக்கிறேன், நான் கவனித்ததில்லை. அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கி, மூன்றாவது நாற்பதுக்குப் பக்கத்தில் அத்தியாய எண்ணை எழுதிக் கொடுத்தேன். எக்ஸாமில் எழுதலாமா என்று கேட்டான். எழுது, ஆனால் யாருக்கும் ஜெராக்ஸ் கொடுக்காதே என்றேன்.