கான்டாக்டர் விடும்போது ரீசெட் ஆகும் போர்டு

மோட்டார் ஆன் ஆகும்போது ஒன்றும் ஆகாது. ஆஃப் ஆகும் அந்த நொடியில்தான் ஆர்டுயினோ (கன்ட்ரோலரை ஓட்டும் சின்ன சிப் போர்டு) ரீசெட் ஆகும், இல்லையென்றால் எல்சிடியில் கன்னாபின்னாவென்று ஏதோ எழுத்து வந்து நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. உடனே எல்லோரும் புரோகிராமைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். முதலில் ஸ்டார்ட்டர் பாக்ஸைத் திறந்து, மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய காந்த சுவிட்ச்சான கான்டாக்டரின் காயிலைப் பாருங்கள்.

காயிலில் ஓடுகிற கரண்டை ரிலே (போர்டு இயக்கும் சின்ன காந்த சுவிட்ச்) சட்டென்று அறுக்கும்போது, அந்தக் கரண்ட் நிற்க மறுத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய், திறந்துகொண்டிருக்கும் காண்டாக்ட் இடைவெளியில் பொறியாகத் தாவுகிறது. பொறி அணைகிறது, வோல்டேஜ் மறுபடி ஏறுகிறது, மறுபடி தாவுகிறது, இடைவெளி போதுமான அளவு அகலும்வரை இதே கதைதான். ஒவ்வொரு தாவலும் சில நானோ செகண்டில் ஏறிவிடும் துடிப்பு. இந்த மாதிரி துடிப்புகளை லேபில் உண்டாக்கிச் சோதிப்பதற்கென்றே ஐஇசி 61000-4-4 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் ஒரு துடிப்பு 5 நானோ செகண்டில் ஏறி, 50 நானோ செகண்ட் அளவே நீடிக்கும். இவ்வளவு வேகத்துக்குப் பக்கத்தில் போகிற வயரெல்லாம் ஆன்டெனாதான். ஏசி கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடும் சமயத்தில் ரிலே திறந்துவிட்டால் இவ்வளவு ரகளை இருக்காது. ஒரு தடவை வந்து மறு தடவை வராமல் போவது இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள, மெயினை அணைத்துவிட்டு மோட்டார் வயர்களைக் கழற்றுங்கள், காயில் மட்டும் ஆன் ஆஃப் ஆகட்டும். அப்போதும் ரீசெட் ஆனால் மோட்டார்மேல் பழியில்லை. அடுத்து போர்டை பவர் பேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். பிரச்சனை நின்றால் தொல்லை சப்ளை வழியாக வருகிறது, நிற்காவிட்டால் சென்சார் வயர் அல்லது ரிலே வயர் வழியாக. ஏஎம் ரேடியோ இருந்தால் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து பாக்ஸ் பக்கம் கொண்டுபோங்கள், கான்டாக்டர் விடும்போது சடசடவென்று காதிலேயே கேட்கும்.

வைத்தியம் காயிலின் இரண்டு முனைகளிலேயே செய்ய வேண்டும். 230 வோல்ட் காயிலுக்கு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சீரியஸாக, காயிலுக்குக் குறுக்கே. இந்த ஜோடிக்குத்தான் ஸ்னப்பர் என்று பெயர். கெபாசிட்டர் கட்டாயம் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை, பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) மஞ்சள் பெட்டியாக இருக்குமே, அது. சாதாரண 104 செராமிக் (அதுவும் 0.1 மைக்ரோஃபாரட்தான்) போட்டால் தீப்பிடிக்கலாம், தயவுசெய்து வேண்டாம். த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டரில் காயில் 415 வோல்ட்டாக இருக்கலாம், காயில்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கான்டாக்டர் கம்பெனிகளே விற்கிற ரெடிமேட் ஸ்னப்பரை வாங்கிவிடுங்கள். சிலர் ஸ்னப்பரை ரிலே காண்டாக்டுக்குக் குறுக்கே போடுகிறார்கள். அங்கே போட்டால் ரிலே திறந்த பிறகும் ஏழு மில்லியாம்பியர் கசியும், சின்ன கான்டாக்டர் விடாமல் முனகும். எனக்கு அது பிடிக்காது. ஏசி காயிலுக்கு டயோடு போடவே கூடாது. போர்டில் இருக்கிற 5 வோல்ட் ரிலேக்குத்தான் டயோடு.

அப்புறம் போர்டு பக்கம். மாடியிலிருந்து இறங்கும் ஃப்ளோட் சுவிட்ச் வயரை மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் (இன்புட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம் வரை, நீளமான வயருக்கு அது மிகவும் பலவீனம், வெளியே 2.2 கிலோ ஓம் போட்டு, சிப்பின் இன்புட் பின்னுக்கு முன்னால் 1 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஃபில்டர் வையுங்கள். கடையில் வாங்கும் ரிலே மாட்யூலில் ஆப்டோகப்ளர் (இரண்டு பக்கத்தையும் வயர் இல்லாமல் வெளிச்சத்தால் இணைக்கும் பாகம்) இருந்தாலும், இரண்டு பக்க சப்ளையையும் சேர்த்து வைக்கும் ஜேடி-விசிசி ஜம்பரை எடுத்துவிட்டு ரிலேக்குத் தனி சப்ளை, தனி கிரவுண்ட் கொடுத்தால்தான் அதற்குப் பயன். ஜம்பர் அப்படியே இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே சப்ளைதான், ஆப்டோ சும்மா உட்கார்ந்திருக்கும்.

வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) போட்டால் போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அது போர்டை எழுப்பிவிடும், அவ்வளவுதான், தொல்லை அங்கேயே இருக்கும். கடைசிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கூடவே வோல்டேஜ் விழுந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட்டும் ஆன் செய்யுங்கள். பல ஆர்டுயினோக்களில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் எம்சியுஎஸ்ஆர் ரிஜிஸ்டரைப் படித்தால் ரீசெட் வெளியிலிருந்து வந்ததா, வோல்டேஜ் விழுந்ததா, வாட்ச்டாக் அடித்ததா என்று தெரியும், ஆனால் பூட்லோடர் (உங்கள் புரோகிராமுக்கு முன் ஓடும் சின்ன புரோகிராம்) அதை முன்பே அழித்துவிடக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்சிடி மட்டும் குழம்பினால், ஒவ்வொரு முறை ரிலே ஆஃப் ஆனதும் அரை செகண்ட் விட்டு அதை மறுபடி இனிஷியலைஸ் செய்தாலே போதும்.