அம்மா ஏறினால் அடங்கும் சத்தம்

பத்து வயதைக் கடந்த என் காரை 35 மி.மீ. தாழ்த்தினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது முழுக்க என் சொந்தப் புத்தியே. முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்ற அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும் என்பதால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டேன். பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலிலேயே மைத்துனரோடு சேர்ந்து, ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி அச்சை இறக்கி, ஒரு மணி நேரத்தில் மாற்றி முடித்தோம். மைத்துனர் கைகழுவிவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை புதுச்சேரிக்கு அலுவலகம் கிளம்பியபோது, ரெட்டிச்சாவடியில் முதல் வேகத்தடையைத் தாண்டியதும் பின்னாலிருந்து "டொக்" என்றது. கிருமாம்பாக்கத்திலும் தவளக்குப்பத்திலும் அதே "டொக்". ஏறும்போது சத்தமில்லை, பின் சக்கரங்கள் தடையைத் தாண்டிக் கீழே தொங்கும் அந்த ஒரு கணத்தில்தான் வந்தது. வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் நெறிமுறை சொல்கிறது. விபத்து நடந்த மறுநாள் காலையில் ஊருக்கு ஊர் முளைப்பவை அதைப் படித்துவிட்டு முளைப்பதில்லை.

முதலில் ஸ்டெப்னியைச் சந்தேகித்து இறக்கினேன். பிறகு ஜாக்கி, ஸ்பேனர், என்றோ வாங்கி மறந்த தேங்காய் இரண்டு. சத்தம் போகவில்லை. வண்டியைத் தூக்கி வைத்து முடுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள புஷ் ரப்பர் முறுக்கிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டு, சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஷாக் போல்ட்டுகளை மறுபடி முடுக்கினேன். அப்போதும் "டொக்".

முதலியார்பேட்டை மெக்கானிக்கிடம் போன அன்று, உறவினர் வீட்டுக்குப் போக வேண்டிய அம்மாவும் 25 கிலோ அரிசி மூட்டையும் பின் இருக்கையில் இருந்தார்கள். மெக்கானிக்கை முன்னால் ஏற்றிக்கொண்டு நான்கு வேகத்தடைகளைத் தாண்டினேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"தம்பி, இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லாத சத்தமெல்லாம் கேட்கும்," என்றார் அம்மா.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்கள் மூட்டையோடு கொஞ்சம் இறங்குங்கள்," என்றார். அடுத்த வேகத்தடையில் "டொக்" கேட்டது. பாரம் இருந்தால் ஸ்பிரிங் அமுங்கித் தன் இடத்திலேயே நிற்கிறது, வண்டி வெறுமையாக இருந்தால் சக்கரம் தொங்கும்போது விடுபட்டு, திரும்பி வந்து மோதுகிறது என்று அவர் விளக்கினார். லிஃப்டில் ஏற்றியதும், தொங்கிய சக்கரத்துக்கு மேலே இருந்த ஸ்பிரிங்கை இரண்டே விரலால் சுற்றிக் காட்டினார். அதன் மேல் சுற்றில் பெயிண்ட் உரிந்து, இரும்பு இரும்போடு உரசி வெள்ளிக்காசு போலப் பளபளத்தது.

"மேலே ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்குமே, அது எங்கே சார்? ஸ்பிரிங்கே குட்டை, ரப்பரின் கனமும் போனால் ஆடாமல் என்ன செய்யும்?"

அது பழைய ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்குகள் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். கொல்லைப்புறத்தில், ஒன்றின் மேல் தண்ணீர்க் குடமும் மற்றொன்றின் மேல் துளசித் தொட்டியும் இருந்தன. குடத்தின் அடியைக் கவ்விப் பிடித்திருந்தது என் ரப்பர்.

இப்போது கார் சத்தமில்லாமல் போகிறது. அம்மா குடத்தில் தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் கொல்லைப்புறத்திலிருந்து "டொக்" கேட்கிறது. இந்த வாரம் பிரிமணை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.