முன் கண்ணாடி, மே மாதம்

மே 3, சனி

கூடுவாஞ்சேரியிலிருந்து மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தாயிற்று. வழி நெடுக வளையல் சத்தம். வண்டலூர் தாண்டும்போது முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்தது. லோடுக்கு மேலே தார்ப்பாய் கிடையாது. டக்கென்று ஒரு அடி. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெருங்களத்தூரில் ஓரங்கட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். வெயில் ஏறுமுன் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். உளுந்து அளவுக்கு ஒரு பள்ளம், அதிலிருந்து கால் மாதிரி மூன்று விரிசல் கிளம்பியிருக்கிறது. மேல்நோக்கிப் போகிற கால்தான் நீளம். காருக்குள் உட்கார்ந்து அதே இடத்தைத் தடவினால் வழவழவென்று இருக்கிறது. உள்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடு, நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். அடி வெளித்தகட்டோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கண்ணாடியாக இருந்திருந்தால் மொத்தமாகப் பொடிப்பொடியாகக் கொட்டியிருக்கும், அவள் மடியிலேயே.

தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் செலோ டேப் ஒட்டினேன். காலின் நுனி எங்கே முடிகிறதோ, அங்கே உள்பக்கமாக மார்க்கரால் ஒரு கோடு. வளர்ந்தால் தெரிந்துவிடும்.

மே 5, திங்கள்

கோட்டைத் தாண்டவில்லை.

மே 6, செவ்வாய்

தம்பி வந்திருந்தான். "விடுக்கா, பெருசாகட்டும். இன்சூரன்ஸ்ல முழுக் கண்ணாடியே புதுசா போட்டுக்கலாம்" என்கிறான். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் க்ளெய்ம் போட்டால், க்ளெய்ம் இல்லாததற்குப் பிரீமியத்தில் கழிக்கிற போனஸ், இத்தனை வருஷம் சேர்த்து 50 சதவீதத்துக்கு வந்திருப்பது, போகும். அதுகூடப் பரவாயில்லை. பெருசாகட்டும் என்று எப்படிக் காத்திருப்பது? அது பெருசாகிற நேரம் ராத்திரி இரண்டு மணியாக இருந்தால்? பின்னால் அவள் வலியோடு உட்கார்ந்திருக்கும்போது, என் கண் முன்னால் கோடு ஓடினால்?

மாற்றுவதும் லேசான வேலை இல்லை. பழையதை அறுத்தெடுத்து, பசை போட்டு உட்கார வைத்து, அந்தப் பசை இறுகும்வரை வண்டியைத் தொடக் கூடாது. முன்சீட் ஏர்பேக் விரியும்போது முட்டுக்கொடுப்பதே இந்தக் கண்ணாடிதான், அதனால் பசை இறுகாமல் ஓட்டுவதில் அர்த்தமே இல்லை. பாஸ்டேக்கும் கிழிந்து போகும், புதிதாக வாங்க வேண்டும். இப்போது ஒரு நாள்கூட இந்த வண்டியை விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது.

அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

மே 7, புதன்

ஸ்கேன். பிரஷர் 136-க்கு 88. டாக்டர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

அவளைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டேன். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல் படிகிற மாதிரி நானே போட்டுவிட்டேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ தடுப்பு, பள்ளம், மறுபடி தடுப்பு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டேப்பையும் பார்க்கிறேன், பின்னால் அவளையும் பார்க்கிறேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியைக் கூட்டவில்லை. கொதிக்கிற கண்ணாடியில் சில்லென்ற காற்று பட்டால் விரிசல் ஓட அதுவே போதும். முதலில் கதவுகளைத் திறந்து வைத்தேன், பிறகு ஏசியைக் குறைவாக, கால் பக்கமாகத் திருப்பினேன். "வேர்க்குதும்மா" என்றாள். கொஞ்சம் பொறு கண்ணு என்றேன்.

மே 8, வியாழன்

மேல் கால் கோட்டைத் தாண்டிவிட்டது.

அவள் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்தாள், நிறமில்லாதது. அதைத் தடவினால் நிற்குமாம். வேண்டாம் என்றேன். பாலிஷ் உள்ளே போய்க் காய்ந்தால் அப்புறம் விரிசலை அடைக்கிற ரெசின் திரவம் ஏற வழியிருக்காது. கண்ணாடி விரிசல் அடைக்கிற ஆளுக்குப் போனிலேயே பேசிச் சொல்லிவிட்டேன். நாளை காலை 9 மணி. 10.30-க்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிடலாம் என்றார்.

மே 9, வெள்ளி

வந்தார். சின்னப் பையன், தோளில் ஒரு பை. "வண்டிய நிழல்ல விடுங்கம்மா, கிளாஸ் சூடா இருந்தா ரெசின் சரியா உட்காராது. வெயில் பட்டா உள்ள போறதுக்கு முன்னாடியே இறுகிடும்." வேப்பமரத்தடிக்கு மாற்றினேன்.

டேப்பைப் பிரித்து, மெல்லிய ஊசியால் பள்ளத்திலிருந்த கண்ணாடித் துகளைக் கிளறி எடுத்தார். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கருவி, நடுவில் சிறு குழாய். முதலில் உள்ளேயிருக்கிற காற்றை இழுக்கிறது, அப்புறம் ரெசினை அழுத்துகிறது. நான் பக்கத்திலேயே குனிந்து நின்றேன். வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக மங்கின. மேல் கால் மட்டும் நுனியில் அடம்பிடித்தது. உள்பக்கமிருந்து விரலால் லேசாகத் தட்டினார், மறுபடி காற்றை இழுத்தார், மறுபடி அழுத்தினார். அதுவும் போயிற்று. மேலே சின்ன பிளாஸ்டிக் தாள், அதன் மேல் புற ஊதா விளக்கு. இறுகியதும் பிளேடால் வழித்து பாலிஷ் போட்டார்.

முழுசாக மறையாது என்று முன்னாடியே சொல்லியிருந்தார். சாய்ந்து பார்த்தால் ஒரு மங்கல் புள்ளி. பரவாயில்லை. இனி ஓட வாய்ப்பு குறைவு. கொடுத்தது புதுக் கண்ணாடி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

மே 10, சனி

தூங்கினேன்.

மே 12, திங்கள்

நேற்று ராத்திரி கோடை மழை. அவளுக்கு ஜூஸ் வாங்கப் போரூர் வரை போனேன். எதிரே வருகிற லைட் கண்ணாடியில் பட்டதும் வைப்பர் போகிற வளைவு முழுக்கக் கீறல் கீறலாக ஒளி சிதறுகிறது. பகலில் இது கண்ணுக்கே படாது. ராத்திரிதான் போக வேண்டியிருக்கும் என்று ஏன் என் மனசு அடித்துச் சொல்கிறது?

காலையில் நகத்தால் சோதித்தேன். பெரும்பாலானவற்றில் நகம் மாட்டவில்லை. டிரைவர் பக்கம் ஒன்றில் மட்டும் டக்கென்று நிற்கிறது. அதே பையனுக்குப் போன் போட்டேன். மேலாகப் பட்ட கீறலை, கண்ணாடியை மெருகேற்றுகிற சீரியம் ஆக்சைடு பொடி வைத்துத் தேய்த்து எடுக்கலாம், நகம் மாட்டுகிறதைத் தேய்க்கப் போனால் அந்த இடம் குழியாகி ரோடே நெளிந்து தெரியும் என்றார். டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். ஆழமானதை அப்படியே விட்டுவிட முடிவு செய்தேன். என் பார்வைக்குக் கீழேதான் இருக்கிறது.

வாட்ச்மேன் அண்ணனிடமும் சொன்னேன்: உலர்ந்த துணியால் கண்ணாடியைத் துடைக்காதீங்க, முதலில் தண்ணி ஊத்துங்க. அந்தப் புழுதியில் மெட்ரோ வேலை மணல் எல்லாம் இருக்கிறது, தேய்த்தால் அதுதான் கீறும். போர் தண்ணி வேண்டாம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு. தலையாட்டினார், நல்ல மனிதர்.

மே 13, செவ்வாய்

வைப்பர் ரப்பர் இரண்டும் மாற்றினேன். பழையது வெயிலில் விறைத்து ஓரம் பிய்ந்திருந்தது. சாயங்காலம் அவளுக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார், வண்டியைப் பற்றித்தான் சொன்னேன்.

மே 14, புதன்

140-க்கு 92. 37 வாரம் முடிந்ததும் எடுத்துவிடலாம், தள்ள வேண்டாம் என்கிறார் டாக்டர். சனிக்கிழமை 7 மணிக்குள் அட்மிஷன். ராத்திரி தலைவலி, கண் மங்கல் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே வரணும். பெட்ரோல் ஃபுல் பண்ணியாச்சு. பழைய ரிப்போர்ட் எல்லாம் டேஷ்போர்டில். அவளுடைய ஆதார் ஜெராக்ஸ் மட்டும் இன்னும் எடுக்கவில்லை.