கிளேர்மான்ட் மாளிகை: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 2

இந்த மாசம் கிளேர்மான்ட் பத்தி தான் எழுதப் போறேன். இங்கிலாந்துல சர்ரே பக்கம், ஈஷர் ஊரை ஒட்டி இருக்கற மாளிகை. முதல்ல அங்க இருந்தது ஜான் வான்ப்ரூ தனக்குன்னு கட்டிக்கிட்ட சின்ன வீடு, பிளென்ஹைம் அரண்மனையை டிசைன் பண்ணினாரே அவரே தான். 1714ல தாமஸ் பெல்ஹாம்-ஹோல்ஸ் வாங்கினார், பிற்பாடு நியூகாசில் டியூக் ஆகி ரெண்டு தடவை பிரதமரா இருந்தவர். வீட்டை பெருசாக்கினார், தோட்டத்துக்கும் காசை கொட்டினார். தோட்ட வடிவமைப்பாளர் பிரிட்ஜ்மேன் மண்ணை வெட்டி புல் பதிச்சு அமைச்ச படிக்கட்டு அரங்கம் இன்னிக்கும் இருக்கு.

நவம்பர் 6

இளவரசி சார்லட் இறந்த நாள், 1817. படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜுக்கு அத்தனை பிள்ளைங்க இருந்தும் சட்டப்படி பிறந்த ஒரே பேத்தி அப்போ இவங்க தான், அதாவது வருங்கால ராணி. 1816ல ஜெர்மன் இளவரசர் லியோபோல்டை கல்யாணம் பண்ணி இங்க குடிவந்தாங்க. அடுத்த வருஷமே பிரசவம், ரெண்டு நாளைக்கு மேல வலி, ஆண் குழந்தை இறந்தே பிறந்துச்சு, சில மணி நேரத்துல அவங்களும் போயிட்டாங்க. வயசு 21. பிரசவம் பார்த்த டாக்டர் ரிச்சர்ட் கிராஃப்ட் சில மாசத்துல துப்பாக்கியால சுட்டுக்கிட்டு செத்தார். அவங்க போனதும் வாரிசு இல்லைன்னு ராஜா மகன்கள் அவசர அவசரமா கல்யாணம் பண்ண, அதுல கென்ட் டியூக்குக்கு 1819ல பிறந்தது தான் விக்டோரியா. இந்த வீட்டு அறை ஒண்ணுல நடந்த அந்த சாவு இல்லைன்னா விக்டோரியா மகாராணியே கிடையாது.

நவம்பர் 11

லியோபோல்ட் அப்புறம் பெல்ஜியத்துக்கு ராஜா ஆகி, பிரெஞ்சு ராஜா லூயி பிலிப்போட மகளை கட்டிக்கிட்டார், அதனால 1848 புரட்சியில மாமனார் ஓடி வந்தப்போ தங்கறதுக்கு இந்த வீடு கிடைச்சுது. பாவம், வந்த இடத்துல தண்ணியில ஈயம் கலந்து குடும்பத்துல பல பேருக்கு உடம்பு படுத்திருக்கு. 1850ல இங்கயே இறந்தார்.

இன்னிக்கு முதல் உலகப்போர் நின்ன நாள், அதனால இதையும் எழுதிடறேன். விக்டோரியாவோட கடைசி மகன் லியோபோல்ட், ஆல்பனி டியூக், கல்யாணம் ஆகி இங்க வந்தார், 1884ல 30 வயசுல போயிட்டார். அவர் போன பிறகு இதே வீட்டுல பிறந்த மகன் சார்லஸ் எட்வர்டை சின்ன வயசுலயே ஜெர்மனிக்கு அனுப்பி அங்க ஒரு டியூக் ஆக்கினாங்க, போர் வந்ததும் அவர் ஜெர்மனி பக்கம் நின்னார், இங்கிலாந்து பட்டத்தை பிடுங்கிட்டாங்க, 1922ல அம்மா இறந்தப்போ வீடும் அவருக்கு வரல. பிற்பாடு நாஜி கட்சியிலயும் சேர்ந்தார், அதுக்கு மேல அவர் மேல எனக்கு இரக்கம் வரல.

நவம்பர் 22

ராபர்ட் கிளைவ் செத்த நாள், 1774. நான் இந்த வீட்டுக்குள்ள வந்ததே இவருக்காகத் தான். 1744ல மெட்ராஸுக்கு குமாஸ்தாவா வந்த பையன், 1751ல ஆற்காடு கோட்டை, 1753ல ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்ல மார்கரெட்டோட கல்யாணம், எல்லாம் நம்ம ஊர்ல நடந்தது. பிளாசி சண்டைக்கு அப்புறம் வங்காள நவாப் ஆன மீர் ஜாபர் கொடுத்தது மட்டும் 2,34,000 பவுண்டு. அது போக வருஷத்துக்கு 27,000 பவுண்டு ஜாகீர் வருமானம், அதாவது நவாப் கொடுத்த நில வருவாய். நியூகாசில் டியூக்கோட விதவை கிட்ட இருந்து கிளேர்மான்ட்டை வாங்கின விலை சுமார் 25,000. ஒரு வருஷ ஜாகீர் கூட முழுசா செலவாகல! வாங்கி வான்ப்ரூ வீட்டை இடிச்சுத் தள்ளிட்டு, தோட்ட வடிவமைப்புல பேர் போன கேபபிலிட்டி பிரவுனையும் கட்டடக்கலைஞர் ஹென்றி ஹாலண்டையும் வெச்சு இப்போ இருக்கற வீட்டை கட்டினார்.

வாங்கி வேலையை ஆரம்பிச்ச வருஷங்களை பாருங்க. 1769, 1770. வங்காளத்துல பஞ்சம். மூணுல ஒரு பங்கு ஜனம் செத்துப்போச்சுன்னு பிற்பாடு வங்காள கவர்னரா வந்த வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதினார். கிளைவ் அப்போ இந்தியாவுல இல்ல, 1767லயே கிளம்பிட்டார், ஆனா 1765ல திவானி உரிமையை வாங்கி வரி வசூலை கிழக்கிந்திய கம்பெனி கையில கொடுத்தது அவர் தானே, பஞ்சத்துலயும் அந்த வசூல் நிக்கல. இந்த வீட்டோட அழகை பத்தி பேசறப்போ எல்லாம் இதையும் சேர்த்துத் தான் பேசணும், எனக்கு அதுல விட்டுக்கொடுக்க மனசே இல்ல. பிசாசு வந்து தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு தான் சுவரை அவ்வளவு தடிமனா கட்டறார்னு சர்ரே கிராமத்து ஜனங்க பேசிக்கிட்டாங்களாம். வீட்டுல நிம்மதியா குடியிருக்க அவருக்கு வாய்க்கல, 49 வயசுல லண்டன்ல செத்தார், தற்கொலைன்னு தான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. 1786ல குடும்பம் வித்துடுச்சு.

அடுத்து வேல்ஸ்ல இருக்கற போவிஸ் கோட்டை. கிளைவ் மகன் எட்வர்ட், 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்போ மெட்ராஸ் கவர்னரா இருந்தவர், அவர் குடும்பத்துக்கு வந்த இடம். திப்புவோட கூடாரம் அங்க தான் இருக்கு.